மாதம் ஒரு டாக்டிகல் பெட்டி: ஏழு பெட்டி வாங்கிய அனுபவம்

டெக்சஸுக்கு வந்து பதினோரு வருடம். துப்பாக்கி சுடப் பழகியது கடைசி மூன்று வருடமாகத்தான், அதுவும் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு. சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்கு, அதாவது சுடப் பழகும் இடத்துக்குப் போவேன். ஒரு 9 எம்எம் பிஸ்டல், ஒரு ஏ.ஆர்-15 ரைபிள், நூறு தோட்டா, வரும் வழியில் இட்லி வடை. என் வீரம் அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு விளம்பரம் விடாமல் துரத்தியது. மாதம் 60 டாலர் கட்டினால் 150 டாலர் பெறுமானமுள்ள 'டாக்டிகல்', அதாவது ராணுவ பாணிச் சாமான்கள் பெட்டியாக வீட்டு வாசலில் வந்து இறங்குமாம். உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டை கிழிப்போமே, அந்த அரிப்புதான். ஏழு மாதம் கிழித்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகைப் பெட்டி விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் ஒருவரைத்தான் பார்த்தேன்.

முதல் பெட்டி வந்த அன்று வீட்டில் கொஞ்சம் திருவிழாதான். பாராகார்டு என்ற பாராசூட் கயிற்றில் பின்னிய கைவளையம், துணியில் தைத்த ஒரு மண்டையோட்டு ஒட்டு, தோட்டா அடுக்கும் மேகசின் காலியானதும் போட்டு வைக்க இடுப்பில் கட்டும் பை, பிறகு இலக்கு ஸ்டிக்கர் இருபது. இந்த ஸ்டிக்கர் மட்டும் நிஜமாகவே நல்ல பொருள். கறுப்பு வட்டம், குண்டு பட்ட இடத்தில் மேல்பூச்சு தெறித்து மஞ்சளாகத் தெரியும். என் வயதுக்காரன் பதினைந்து கெஜத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டை தேட வேண்டியதில்லை. இரண்டே சனிக்கிழமையில் இருபதும் தீர்ந்தது. மண்டையோட்டு ஒட்டு மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது. இப்போது என்னிடம் ஏழு மண்டையோடு இருக்கிறது.

இரண்டாவது பெட்டியில் ஹோல்ஸ்டர், துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறை. கிளாக் 19 என்ற பிஸ்டலுக்கு, வலது கைக்கு. என் பிஸ்டல் வேறு கம்பெனி, நான் இடது கைக்காரன். பதிவு செய்யும்போது சட்டை சைஸ் கேட்டார்கள், எந்தக் கையால் சுடுவாய் என்று கேட்கவில்லை. ஹோல்ஸ்டர் என்பது செருப்பு மாதிரி. ட்ரிகரை முழுதாக மூடி, துப்பாக்கியைச் சரியான இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். பொருந்தாததில் செருகுவது ஆபத்து. ரேஞ்சில் பழக்கமான, கிளாக் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "என்கிட்ட நாலு இருக்கு" என்றார்.

மூன்றாவது, சுத்தம் செய்யும் சாமான். குழலுக்குள் இழுக்கும் கயிறு ஒன்று. ஒரு முனையில் கனத்துக்குப் பித்தளைத் துண்டு, நடுவில் வெண்கல முள் பிரஷ். தோட்டா உட்காரும் சேம்பர் பக்கம் உள்ளே போட்டு வாய்ப்பக்கம் இழுத்தால் ஒரே இழுப்பில் கரி வந்துவிடும். அருமையான பொருள்தான், ஆனால் அளவு பார்க்க வேண்டும். வந்தது .30 காலிபர், அதாவது .30 அங்குலக் குழலுக்கு. என் ஏ.ஆருக்கு .22 அளவு வேண்டும், பிஸ்டலுக்கு 9 எம்எம். இறுக்கி இழுத்துத்தான் பார்ப்போமே என்று கை துறுதுறுத்தது உண்மை. அப்படிச் செய்திருந்தால் பாதியில் சிக்கி, துப்பாக்கிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அதே பெட்டியில் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஒரு நைலான் பிரஷ் இருந்தது, இரண்டு டாலர் பெறாது. இன்றைக்கும் வாராவாரம் அதுதான் உழைக்கிறது. எண்ணெய் சின்ன குப்பியில் வந்தது, பரவாயில்லை. ஆனால் எனக்கு 1903-லிருந்து விற்கிற அந்தப் பழைய ஹாப்பேஸ் நம்பர் 9 கரி நீக்கும் திரவம்தான். அந்த வாழைப்பழ வாசனை வந்தால்தான் சனிக்கிழமை முடிந்த மாதிரி இருக்கும்.

நான்காவது பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டும். கண்ணாடியும் காது மூடியும். கண்ணாடிப் பெட்டியின் மேல் கழுகுப் படம், 'டாக்டிகல்' என்று கொட்டை எழுத்து. காம்பின் உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இசட்87+ என்ற முத்திரை இல்லை. அந்தப் பிளஸ் குறிதான் வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும் என்பதற்கு அடையாளம். பிளாட்பாரத்தில் விற்கிற கூலிங் கிளாஸுக்கும் இதற்கும் கழுகு ஒன்றுதான் வித்தியாசம். நான் இடது கைக்காரன் என்றேன் இல்லையா, ஏ.ஆரில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வலது பக்கமாகத் தெறிக்கும். என் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கூடு மோதித் திரும்ப ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் அவ்வப்போது ஒன்று கன்னத்தைச் சுட்டுவிட்டுப் போகும். கண்ணாடி எனக்கு அலங்காரம் இல்லை.

காது மூடியில் என்.ஆர்.ஆர் 21 என்று போட்டிருந்தது, சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கான டெசிபல் அளவு அது. துப்பாக்கிச் சத்தம் ஏறத்தாழ 160 டெசிபல். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடிச் சத்தம் போதும், செவி நிரந்தரமாகக் கெட. மூடிய ரேஞ்சில் சுவர் மோதித் திரும்பும் சத்தம் வேறு. அங்கே 32 போட்ட நுரைப் பஞ்சு அடைப்பானைக் காதுக்குள் வைத்து, அதன் மேல் மூடியும் போடுவதுதான் வழக்கம். இரண்டும் போட்டால் 21-ம் 32-ம் கூட்டி 53 என்று நினைக்காதீர்கள். இருப்பதில் பெரியதற்கு மேல் ஐந்து டெசிபல் போல்தான் கூடும். அந்த ஐந்தே பெரிது. இதில் ஒரு வரிகூடப் பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டில் இல்லை. அதில் இருந்தது தள்ளுபடிக் கூப்பன்.

ஐந்தாவதில் டூர்னிகெட், ரத்தம் நிற்கக் கையையோ காலையோ இறுக்கிக் கட்டும் பட்டை. ஆறாவதில் சிவப்புப் புள்ளி சைட் ஒன்று, துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்ப்பது. ஐம்பது தோட்டாவுக்குள் புள்ளி ஒரு பக்கமும் குண்டு ஒரு பக்கமும் போக ஆரம்பித்தது. விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்ததாக இருக்கும். கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.

ஏழாவது பெட்டிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் ஸ்னாப் கேப் வந்தது. சிவப்பு அலுமினியத்தில் டம்மித் தோட்டா, ஆறு. மருந்து கிடையாது, வெடிக்காது. ரேஞ்ச் நண்பர் ஒருவர் என் மேகசினை வாங்கி, நான் பார்க்காதபடி நிஜத் தோட்டாவோடு இரண்டு டம்மியைக் கலந்து போட்டுக் கொடுத்தார். சுட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, சரி. நான்காவது 'டிக்'. வெடிக்கவில்லை. ஆனால் குழல் மூக்கு சட்டென்று கீழே குத்தி, மறுபடி மேலே வந்தது. நானே கண்ணால் பார்த்தேன். வெடிக்கப் போகிறதே என்று பயந்து, வெடிப்பதற்கு முன்பே கையைக் கீழே அமுக்குகிறேன். மூன்று வருடமாக என் குண்டெல்லாம் ஏன் இலக்குக்குக் கீழே இடம் பிடிக்கிறது என்று சைட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு 'டிக்' சத்தத்தில் விடை கிடைத்தது. இப்போது வீட்டில் தினம் பத்து நிமிடம் டம்மி போட்டு வெறும் ட்ரிகர் அழுத்திப் பழகுகிறேன். நிஜத் தோட்டா அத்தனையும் பக்கத்து அறையில் பூட்டிய பிறகுதான், அதுவும் ஒன்றுக்கு இரண்டு முறை சேம்பர் பார்த்த பிறகு.

அந்த டம்மி கடையில் இருபது டாலருக்குள். ஏழு மாதத்துக்கு நான் கட்டியது 420 டாலர், தபால் செலவு தனி. பெறுமானம் 150 என்று சொன்னது யாரும் கொடுத்து வாங்காத அட்டை விலை. பையில் இன்றும் இருப்பது நைலான் பிரஷ்ஷும் ஆறு டம்மியும். ஸ்டிக்கரைத் தனியாகக் கட்டோடு வாங்கிக்கொள்கிறேன். என் துப்பாக்கி எது, என் கை எது என்று தெரியாதவர்கள் எனக்குச் சாமான் தேர்ந்தெடுக்க முடியாது என்பது ஏழு பெட்டி கழித்துத்தான் உறைத்தது.

நீங்களும் வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து:

தம்பி, டூர்னிகெட்டை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். என் கணவருக்கும் இப்படி ஒரு பெட்டியில் வந்தது. ராணுவத்தில் பயன்படுத்தும் கேட் டூர்னிகெட் மாதிரியே இருந்தது, நேரம் எழுதும் வெள்ளைப் பட்டைகூட இருந்தது. என் தொடையில் கட்டி முறுக்கிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றிலேயே குச்சி வில்லாக வளைந்தது. காலில் நாடி அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. அசல் பொருளை நார்த் அமெரிக்கன் ரெஸ்க்யூ விற்கிறது, முப்பது டாலர் அளவில். அதன் போலி சந்தையில் நிறைய உண்டு. உங்களுடையதை இன்றைக்கே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பயிற்சிக்குக்கூட வேண்டாம், அவசரத்தில் கை தானாக அதைத்தான் தேடும். 2015-ல் தொடங்கிய 'ஸ்டாப் த பிளீட்' வகுப்பு பல ஊர்களில் இலவசமாகவே நடக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் போய்விட்டு வாருங்கள்.

நியூஜெர்சியிலிருந்து:

சகோ, நான் இன்னும் எச்-1பி. பெட்டி வாங்கினேன், துப்பாக்கி கிடையாது. குதிரை இல்லாதவன் லாடம் வாங்கிய கதைதான், சிரித்துக்கொள்ளுங்கள். டார்ச், கத்தி, பை என்று கேம்பிங்குக்கு ஆகும் என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் 'உங்களுக்குச் சிறப்புச் சலுகை, 9 எம்எம் தோட்டா 50, பாதி விலை' என்று ஒரு டிக் கட்டம், முன்கூட்டியே டிக் போட்டே வந்தது. கண்ணில் பட்டது நல்ல நேரம். எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்காமல் நம்பாதீர்கள். ஐம்பது தோட்டாவுக்காக, கிரீன் கார்டுக்கான பத்து வருடக் காத்திருப்பை எரிக்க முடியுமா?

அதற்கடுத்த மாதப் பெட்டியில் எல்லோருக்கும் 30 தோட்டா மேகசினாம். எங்கள் மாநிலத்தில் 2018-லிருந்து 10-தான் உச்சவரம்பு. எனக்கு மட்டும் அதற்குப் பதில் டி-ஷர்ட் வந்தது. எக்ஸ்.எல். நான் மீடியம்.

சான் ஹோசேயிலிருந்து:

சந்தாவை நிறுத்துவது பற்றி யாரும் எழுதவில்லையே. சேர ஒரு சொடுக்கு. நிறுத்த, வார நாளில் அவர்கள் ஊர் நேரப்படி ஒன்பது மணியிலிருந்து ஐந்துக்குள் போன் செய்ய வேண்டும் என்றார்கள். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, கலிஃபோர்னியாவில் ஆன்லைனில் சேர்ந்தால் ஆன்லைனிலேயே நிறுத்த வழி கொடுத்தாக வேண்டும், 2018-லிருந்தே சட்டம். அதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டதும் பத்து நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது. நாடு முழுக்க இதே மாதிரி ஒரு விதியை எஃப்.டி.சி, அதாவது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே மற்ற மாநிலத்துக்காரர்கள் ஒருமுறை மட்டும் செல்லும் விர்ச்சுவல் கார்டில் பணம் கட்டுவது நல்லது.

மதுரைக்காரர், இப்போது டல்லாஸ்:

அண்ணா, அந்த ஸ்னாப் கேப்பால் எனக்கு விமானமே போச்சு. பெட்டியில் வந்த முதுகுப் பை நல்ல கனமான கார்டுரா துணி, நிறைய ஜிப். ரேஞ்சுக்கும் அதுதான், ஊருக்கும் அதுதான் என்று எடுத்துப் போனேன். அமெரிக்காவிலிருந்து வரும்போது செக்-இன்னில் போட்டுவிட்டேன். சென்னையில் மதுரை விமானத்துக்கு அதையே கையில் எடுத்துக்கொண்டேன். ஸ்கேனரில் பெல்ட் நின்றது. எட்டாவது ஜிப்புக்குள், நானே மறந்துபோன இடத்தில் ஒரு டம்மி. எக்ஸ்ரேயில் அது அச்சு அசல் தோட்டா. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டம் பாயும். தெரிந்தே வைத்திருந்தானா என்பதையெல்லாம் வழக்குப் போட்ட பிறகு கோர்ட்டில்தான் பேசலாம்.

அவர்கள் மரியாதையாகவே நடத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும். எடை பார்த்தார்கள், கீழே மருந்து வைக்கும் இடத்தில் ரப்பர் இருப்பதைப் பார்த்தார்கள், என்னிடம் எழுதி வாங்கினார்கள், பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் மதுரை விமானம் பறந்துவிட்டது. வைகையில் டிக்கெட் இல்லை, பஸ்ஸில் போனேன். அப்பா காரணம் கேட்டார். "பையில் ஒரு சாமான்" என்றேன். இன்றுவரை அவருக்கு அது ஊறுகாய் பாட்டில்தான்.

பதிவைத் தொடங்கியவர்:

ஹூஸ்டன் அக்கா, நேற்று இரவே முறுக்கிப் பார்த்தேன். என்னுடையது வளையவில்லை, நேராக ஒடிந்தேவிட்டது. குப்பையில் போட்டாயிற்று. இந்த மாத இறுதியில் வகுப்புக்கு நானும் மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறோம்.

மதுரைத் தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் எழுந்து போய் என் டம்மியை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. வீட்டையே புரட்டினேன். ஆறாவது, முதல் பெட்டியில் வந்த அந்த இடுப்புப் பைக்குள். அம்மா வந்திருந்தபோது அதைச் சமையலறை ஆணியில் மாட்டிப் பூண்டு போட்டு வைத்திருந்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். பூண்டுக்கு அடியில் சிவப்பாகக் கிடந்தது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். பழைய சூட்கேஸ்தான்.