பட்ஸில் நோட்டிஃபிகேஷன் சத்தம் இடி மாதிரி அடிக்கிறது, உதவி தேவை

களியல்காரன் (வியாழன், காலை 9.12)
எல்லாருக்கும் வணக்கம். புளூடூத் பட்ஸில் பாட்டு மெதுவாகத்தான் வைத்துக் கேட்கிறேன். நடுவில் நோட்டிஃபிகேஷன் வந்தால் காதுக்குள் வெடி போட்ட மாதிரி அடிக்கிறது. வால்யூமைக் குறைத்துப் பார்த்தேன், பாட்டுதான் குறைகிறது, அது குறையவில்லை. இன்றைக்கு திடுக்கிட்டதில் கத்தி உள்ளே இறங்கிவிட்டது. அவசரம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டிப்பழம் (காலை 9.20)
எந்த போன்? எந்த பட்ஸ்? ஆண்ட்ராய்டா, ஐபோனா? எந்த ஆப்பின் சத்தம்? கையில் காயம் ஒன்றும் இல்லையே?

தக்கலை பட்டறை (காலை 9.31)
இது அப்சல்யூட் வால்யூம் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். போனின் வால்யூமும் பட்ஸின் வால்யூமும் ஒன்றாகச் சேர்ந்து நகர்வதற்காக வைத்த வசதி அது. சில பட்ஸுக்கு ஒத்து வராது. செட்டிங்ஸில் அபௌட் போன் போய் பில்ட் நம்பரை 7 தடவை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் டிசேபிள் அப்சல்யூட் வால்யூம் என்று இருக்கும், ஆன் செய்துவிட்டு புளூடூத்தை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் செய்துகொடுக்கிறேன்.

குளச்சல் அலை (காலை 9.44)
எதற்கும் வலையைப் பாருங்கள். பட்ஸின் வாயில் ஒரு சின்னக் கம்பிவலை இருக்கும். வியர்வையும் ஈரமும் ஏறினால் பாட்டு மங்கும். கடல் காற்றில் என்னுடையது அப்படித்தான் ஆனது. காய்ந்த பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டுங்கள், ஊசி போடாதீர்கள்.

ஆடியோ ஆசான் (காலை 10.05)
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மீடியாவுக்கு ஒரு ஸ்லைடர், நோட்டிஃபிகேஷனுக்கு ஒரு ஸ்லைடர். நீங்கள் குறைத்தது மீடியாவை. வால்யூம் பட்டனை அழுத்தினால் வரும் பட்டையின் கீழே மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டு மற்றதையும் குறையுங்கள். இதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரை போவது கொசுவுக்கு அரிவாள் எடுப்பது.

களியல்காரன் (காலை 10.40)
ஆண்ட்ராய்டு 13. பட்ஸ் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வாங்கியது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், மேலே எழுதியிருந்த பெயரும் தேய்ந்துவிட்டது. அண்ணே, நீங்கள் சொன்ன ஸ்லைடரைக் குறைத்தால் ரிங்டோனும் சேர்ந்து குறைகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போன் வந்தால் எனக்குக் கேட்க வேண்டும். கையில் காயம் இல்லை, மரத்தில்தான் காயம். பால் வெட்டுகிறேன்.

மட்டிப்பழம் (காலை 10.47)
ரப்பரா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மக்கா. நான் சமையல் கத்தி என்று நினைத்து பயந்துவிட்டேன்.

ரிங்டோனும் நோட்டிஃபிகேஷனும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் போனில் மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டு 14ல்தான் இரண்டையும் தனியாகப் பிரித்தார்கள். சில கம்பெனிகள் அதற்கு முன்பே பிரித்துக் கொடுத்திருந்தன. உங்களுடையதில் இல்லையென்றால் வேறு வழி பார்க்கலாம்.

ஆரல் காற்று (காலை 11.15)
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இருட்டில் தோட்டத்துக்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடப்பது சரியா? பாம்பு, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கும் இடம். விடிந்த பிறகு வெட்டினால் என்ன?

திருவட்டார் தாத்தா (பகல் 11.32)
தம்பி காற்றாலைப் பக்கம் இருக்கிறார் போல, ரப்பர் தெரியவில்லை. விடியும் முன்னால்தான் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம், நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். எட்டு மணிக்கு மேல் வெட்டினால் சிரட்டையில் பால் குறைவாகத்தான் சேரும். நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் முந்நூறு மரம் முடியும். நாங்கள் அந்தக் காலத்தில் ரேடியோவைத் தோளில் தொங்கவிட்டு வெட்டினோம். பாட்டும் கேட்கும், சருகு அசைவதும் கேட்கும். காதுக்குள் திணிப்பதில்தான் எனக்கு சம்மதம் இல்லை.

ஆரல் காற்று (பகல் 11.40)
நான் சொன்னதும் அதைத்தானே ஐயா? காது திறந்திருக்க வேண்டும்.

தக்கலை பட்டறை (பகல் 11.52)
தனியாக நாலு மணி நேரம் இருட்டில் மரம் மரமாக நடப்பவருக்குத் துணைக்கு ஒரு குரல் வேண்டும் ஐயா. ரேடியோ சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களை எழுப்பும். இப்போது வீடுகள் தோட்டத்தை ஒட்டியே வந்துவிட்டன.

திருவட்டார் தாத்தா (பகல் 12.10)
அதற்காகக் காதைப் பலி கொடுக்க முடியுமா? என் கூட வெட்டின ஒருவர் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றார். இன்றைக்கு அவரிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும்.

மட்டிப்பழம் (பகல் 12.25)
அந்த பயம் நியாயமானது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி. ஆனால் இழை எங்கேயோ போகிறது. களியல்காரனுக்கு நாளைக்குக் காலையில் மரம் வெட்ட வேண்டும்.

கருங்கல் டீச்சர் (மதியம் 1.05)
தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யாருமே கேட்கவில்லை. டிங் என்று ஒரு மணிச் சத்தமா, வேறு ஏதாவதா? எல்லா நேரமும் வருமா, குறிப்பிட்ட நேரத்தில் வருமா?

களியல்காரன் (மதியம் 2.18)
டீச்சர், டிங் வரும், அது கொஞ்சம் அதிகம்தான். பெரிய சத்தம் வேறு. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொல்லும், கூடவே டூட் டூட் என்று அடிக்கும். இன்றைக்கு அதில்தான் கத்தி போனது. ஐந்தரை, ஐந்தே முக்கால் வாக்கில் வரும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு டோன் இருக்கிறது என்று நினைத்தேன்.

மட்டிப்பழம் (மதியம் 2.21)
பெண் குரலா!!! இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

கருங்கல் டீச்சர் (மதியம் 2.40)
நினைத்தேன். அது உங்கள் போன் அனுப்பும் சத்தமே இல்லை தம்பி. பட்ஸில் சார்ஜ் தீரப்போகிறது என்று பட்ஸே சொல்வது. அந்தக் குரல் பட்ஸுக்குள் இருக்கும் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. போனில் எந்த ஸ்லைடரைக் குறைத்தாலும் பல மலிவு பட்ஸில் அது ஒரே அளவில்தான் வரும். விடைத்தாள் திருத்தும்போது எனக்கும் இதே கதை. நெஞ்சு படபடத்து, சிவப்புப் பேனாக் கோடு தாளின் குறுக்கே போய்விட்டது.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இன்று இரவு ஏரோபிளேன் மோடு போடுங்கள், தொந்தரவு செய்யாதே மோடும் போடுங்கள். பிறகு புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்து, போனிலேயே சேமித்து வைத்த பாட்டை ஓட விடுங்கள். போனுக்கு ஒரு மெசேஜும் வராது. அப்படியும் அந்தக் குரல் வந்தால் அது பட்ஸ்தான்.

தக்கலை பட்டறை (மதியம் 2.58)
டீச்சர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த டிங்குக்கு அப்சல்யூட் வால்யூமைப் பார்த்தே ஆக வேண்டும்.

கருங்கல் டீச்சர் (பிற்பகல் 3.15)
அப்சல்யூட் வால்யூம் வேலை செய்தால், பட்ஸின் வால்யூம் குறையும்போது போனிலிருந்து வரும் எல்லாமே சேர்ந்துதானே குறைய வேண்டும்? நிறுத்திவிட்டால் பட்ஸ் ஒரே அளவில் நிற்கும், போன் பாட்டை மட்டும் குறைத்து அனுப்பும், டிங் இன்னும் தூக்கலாகத் தெரியலாம். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம்.

டிங்குக்கு எளிய வழி இருக்கிறது. தொந்தரவு செய்யாதே மோடில் ஷெட்யூல் வைக்கலாம். காலை 3.30 முதல் 8.30 வரை என்று வைத்து, அழைப்புகள் என்ற இடத்தில் அம்மாவின் எண்ணை நட்சத்திரம் போட்டு அனுமதியுங்கள். பாட்டு ஓடும், அம்மா கூப்பிட்டால் மணி அடிக்கும், வாட்ஸ்அப் வாய் திறக்காது.

ஆடியோ ஆசான் (பிற்பகல் 3.30)
பட்ஸே பேசும் வாய்ஸ் பிராம்ப்ட் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் பாதி பதில் கிடைத்த மாதிரி.

திருவட்டார் தாத்தா (மாலை 5.02)
கேட்கத் தெரிந்தவர் என்றால் இங்கே ஏன் வரப் போகிறார்? அவரை விடுங்கள். தம்பி, காயம் எவ்வளவு ஆழம்? தடி வெள்ளையாகத் தெரிந்ததா? தடியை ஒட்டியிருக்கும் தண்ணீர்ப் பட்டையைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை சீராக வளராது, முண்டு முண்டாகப் புடைக்கும். அடுத்த சுற்று வெட்டும்போது கத்தி அங்கே நிற்காது. மழை நேரம் வேறு, தண்ணீர் இறங்கி அழுகும். மரக்காயத்துக்கு உள்ள மருந்தை இன்றைக்கே பூசு. தோட்டக்காரரிடம் நீயே முதலில் சொல்லிவிடு, அவர் பார்த்துச் சொல்வதற்கு முன்னால்.

குளச்சல் அலை (மாலை 5.20)
வலையையும் பாருங்கள்.

களியல்காரன் (சனி, காலை 10.26)
ஏரோபிளேன் மோடிலும் அந்தக் குரல் வந்தது. பட்ஸ்தான். ராத்திரி சார்ஜ் போட மறந்துவிடுவேன், அதனால்தான் ஐந்தரைக்கே தீர்கிறது. இன்றைக்கு நிறைய சார்ஜ் ஏற்றி, ஒரு காதில் மட்டும் போட்டேன், மற்றது பெட்டியில். எட்டு மணி வரை குரல் வரவில்லை. ஷெட்யூலும் வைத்துவிட்டேன், அம்மா ஆறு மணிக்குக் கூப்பிட்டார்கள், கேட்டது. மருந்து பூசிவிட்டேன் தாத்தா, தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டேன். டீச்சருக்கு ரொம்ப நன்றி. ஷீட் அடிக்கப் போக வேண்டும்.

தக்கலை பட்டறை (சனி, காலை 11.08)
நல்லது. அந்த போன் எந்த மாடல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

தக்கலை பட்டறை (திங்கள், இரவு 8.45)
களியல்காரன், மாடல்?