மகனுக்கு ஆட்டிசம், குணமாக்க மருந்து தேடணுமா?

ஹட்டன் அம்மா: மகனுக்கு அஞ்சு வயசு, பேச்சு இன்னும் வரல, லயத்து தகரத்துல மழை விழுந்தா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிருவான். கொழும்புல ஒருத்தர் உடம்புல இருக்க உலோகத்த எடுத்தா சரியாகும்னு காசு கேக்குறாரு, கடன் வாங்கலாமா?

தலவாக்கலை அண்ணன்: வேணாம் தங்கச்சி. அது கீலேஷன், ஆட்டிசத்துக்கு வேலை செய்யாது, புள்ள உயிருக்கே ஆபத்து. ஆட்டிசத்த குணமாக்குற மருந்துன்னு ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல ஆட்டிசம் ஸ்பீக்ஸ்ங்கிற அமைப்புகூட 2016ல தங்க நோக்கத்துலயிருந்து குணமாக்குறதுங்கிறத நீக்கிட்டாங்க. அந்தக் காச ஸ்பீச் தெரபிக்கு, அதாவது பேச்சுப் பயிற்சிக்கு வைங்க.

பண்டாரவளை தம்பி: அக்கா, எனக்கே ஆட்டிசம். ஜிம் சின்க்ளேர்னு ஆட்டிசம் உள்ள ஒருத்தர் 1993லயே பெத்தவங்ககிட்ட எங்களுக்காக அழாதீங்கன்னு சொன்னாரு, எனக்கும் அதே நினைப்புதான், என்னைய மாத்த வேணாம், சத்தத்த கொறச்சா போதும்.

நானுஓயா அக்கா: தம்பி சொல்றது சரி, ஆனா என் மகளுக்கு பதினாலு வயசு, கைய கடிச்சிக்கிறா, ராத்திரி தூங்க மாட்டா, நான் விடிஞ்சா கொழுந்துக்கு போகணும். அந்த வலிக்கு மருந்து கேக்குறது புள்ளைய வெறுக்குறது ஆகாது.

பண்டாரவளை தம்பி: ஆகாதுக்கா. தூக்கத்துக்கும் வலிப்புக்கும் வைத்தியம் இருக்கு, கிளினிக்ல கேளுங்க. ஹட்டன் அக்கா, படம் காட்டி பேசப் பழக்குங்க, தண்ணி கோப்பை படத்துலயிருந்து தொடங்குங்க.