கசநோய் மருந்துக்கும் குறையாத காய்ச்சல்

கேள்வி (தென்மராட்சி):
சலரோகம் உள்ள என் தந்தைக்கு, மாரி மழைக்குள் வயலில் களை பிடுங்கிய பின் தொடங்கிய காய்ச்சல் வாரக்கணக்காக நிற்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தும் சளியில் கசநோய்க் கிருமி காணப்படவில்லை. கசநோய் மருந்துக்கும் குறையாமல், இப்போது தொடையில் சீழ்க்கட்டி வந்துள்ளது. வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில் (வைத்தியர்):
தம்பி, சலரோகம், வயற்சேறு, நுரையீரல் நிழல், சீழ்க்கட்டி நான்கும் சேர்வதால், மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று இருக்குமோ என்று உடனே கேளுங்கள். 1912இல் விற்மோர் என்ற மருத்துவர் பர்மாவின் இரங்கூனில் விவரித்த இந்நோயின் கிருமி இலங்கை மண்ணிலும் நீரிலும் வாழ்வது. சீழையும் குருதியையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பும்போது சந்தேகத்தை ஆய்வுகூடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் வளர்ந்த கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்று ஒதுக்கிவிட இடமுண்டு.

பதில் (வலிகாமம்):
என் மாமாவுக்கும் இதுவே. செஃப்டாசிடைம் ஊசி இரண்டு வாரம் ஏற்றிய பின், மூன்று மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை கொடுத்தார்கள். உடம்பு தேறியதும் குளிசையை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் முரண்டு பிடித்தார். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

பதில் (வைத்தியர்):
உண்மை. கசநோய் மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் இன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.