கோல வெக்டர் 40 அனுப்பினேன், 31 ரிஜெக்ட். எங்கே தப்பு?

மார்கழி வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய கோல நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள சிக்குக் கோலங்களை டேப்லெட்டில் வரைந்து, வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படமாக) மாற்றி, ஸ்டாக் தளத்தில் (யாரும் படம் ஏற்றி விற்கக்கூடிய இணையதளத்தில்) விற்கலாம் என்று மூன்று மாதமாகப் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து வேலை செய்தேன். போன வாரம் 40 படம் ஏற்றினேன். நேற்று பார்த்தால் 9 தான் தேறியிருக்கிறது.

17 படத்துக்குத் தொழில்நுட்பக் குறை என்கிறார்கள், 11 படத்துக்கு ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறார்கள், மீதி 3 காப்புரிமைச் சிக்கலாம். காரணம் ஒரே வரி, எந்த இடத்தில் குறை என்று சொல்லவே இல்லை. திரையில் பார்த்தால் கோடு சுத்தமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், ஒரு புள்ளிகூட விலகவில்லையே என்கிறார்.

அந்த மூன்றும் கோலத்தின் நடுவில் லட்சுமி, பிள்ளையார், முருகன் வைத்த படங்கள். வீட்டுக் காலண்டரைப் பார்த்து வரைந்தேன். சாமி படத்துக்கு யார் உரிமை கேட்க முடியும்? எனக்கு நிஜமாகவே புரியவில்லை. அப்படியே மறுபடி அனுப்பிப் பார்க்கலாமா? மனசு ரொம்பச் சோர்ந்துவிட்டது.

ஊடுபுள்ளி:

சோர்ந்துபோகாதீர்கள் சகோதரி. முதல் தடவையே 9 தேறியது நல்ல கணக்கு. எனக்கு முதல் தவணையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த 17-ஐ மட்டும் நான் சொல்கிறேன். டேப்லெட்டில் வரைந்து வெக்டராக மாற்றினேன் என்கிறீர்களே, ஆட்டோ டிரேஸ் போட்டீர்களா, அதாவது மென்பொருளே படத்தைக் கோடாக மாற்றும்படி விட்டீர்களா? அப்படியென்றால் முக்கால்வாசிக் காரணம் அதுதான். ஒரு கோலத்தை இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் திறந்து கன்ட்ரோலும் ஒய்யும் சேர்த்து அழுத்துங்கள். நிறமெல்லாம் போய் வெறும் கோட்டு எலும்புக்கூடு தெரியும். அதில் ஒரே ஒரு புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டக் கருவியில் போட்ட வட்டத்துக்கு நாலே நாலு ஆங்கர் பாயின்ட்தான் (கோட்டை வளைக்க உதவும் பிடி) இருக்கும். டிரேஸ் செய்த புள்ளியில் இருபது முப்பதுகூட இருக்கும், ஓரம் கடித்த முறுக்கு மாதிரி நெளிந்து கிடக்கும். சாதாரண அளவில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாங்குகிறவர் அதைப் பேனருக்குப் பெரிதாக்கினால் அத்தனையும் தெரியும், அதனால்தான் ரிவ்யூ செய்கிறவர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சிக்குக் கோலத்துக்கே உள்ள பிரச்சினை. கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கின இடத்தில் சேர வேண்டும் இல்லையா, அந்தச் சேருமிடத்தைப் பாருங்கள். இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், ஆனால் இணைந்திருக்காது. மூடாத பாத் (முனை சேராத கோடு) என்று தள்ளுவது இதைத்தான். இரண்டு முனையையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஜே அழுத்தினால் சேர்ந்துவிடும். அப்புறம் ஸ்ட்ரோக்கை எக்ஸ்பாண்ட் செய்யுங்கள், அதாவது கோட்டை அதன் தடிமனோடு ஒரு வடிவமாக மாற்றுங்கள். இங்க்ஸ்கேப் மென்பொருள் என்றால் பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டூ பாத். "இனிய பொங்கல்" மாதிரி எழுத்து வைத்திருந்தால் அதையும் அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

அளவையும் பாருங்கள். அடோபி ஸ்டாக்கில் ஆர்ட்போர்டு (படம் வரையும் பரப்பு) குறைந்தது 15 மெகாபிக்சல் வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 4 மெகாபிக்சல் போதும், ஆனால் 25-ஐத் தாண்டக் கூடாது, ஃபைல் இபிஎஸ் என்கிற வெக்டர் ஃபைல் வகையில், 8 அல்லது 10-ம் பதிப்பில் இருக்க வேண்டும். நான் 4000-க்கு 4000 பிக்சல் என்று வைத்துக்கொள்கிறேன், 16 மெகாபிக்சல், இரண்டுக்கும் சரியாகப் போகும்.

சுண்ணாம்புக்கட்டி:

எனக்கும் இப்படித்தான் வந்தது, ஒன்றையும் மாற்றாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பினேன், பாதி தேறிவிட்டது. ரிவ்யூ செய்கிற ஆளைப் பொறுத்தது. ஒரு தடவை அனுப்பிப் பாருங்களேன், என்ன நஷ்டம்?

ஊடுபுள்ளி:

நஷ்டம் இருக்கிறது சகோ. சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால் கணக்கையே நிறுத்திவைக்கிற தளங்கள் உண்டு. அப்படியே தேறினாலும் மூடாத பாத் மூடாமல்தானே இருக்கும்? காசு கொடுத்து வாங்கினவர் நிறம் ஊற்றப் போனால் வெளியே வழியும். தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள் சகோதரி.

தாழம்பூ:

11 படம் ஒன்றுபோல இருக்கிறது என்று தள்ளியதைப் பற்றி என் பங்குக்கு. ஒரே கோலத்தைக் காவித் தரையில் வெள்ளை, பச்சைத் தரையில் வெள்ளை, வெள்ளைத் தரையில் சிவப்பு என்று தனித்தனி ஃபைலாக அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெக்டர் வாங்குகிறவர் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்வார், அதனால் அது தனிப் படம் ஆகாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியைத் தூக்கிப்போட வேண்டாம், வேறு பொருளாக மாற்றலாம். நாலு மூலைக்கும் பொருந்துகிற பார்டர் செய்யுங்கள். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் தையல் தெரியாத பேட்டர்ன் செய்யுங்கள், துணிக்கும் பரிசுத் தாளுக்கும் தேடுகிறவர்கள் உண்டு. சின்னக் கோலம் ஆறைச் சேர்த்து ஒரே ஃபைலில் தொகுப்பாகக் கொடுங்கள். ஒரே நோட்டிலிருந்து மூன்று விதமான சரக்கு வந்துவிடும்.

கீவேர்டும் (தேடும்போது படம் கண்ணில் படுவதற்குக் கொடுக்கிற சொல்லும்) முக்கியம். கோலம் என்று மட்டும் போட்டால் வெளியூர்க்காரர் கண்ணில் படாது. புள்ளிக் கோலமும் ரங்கோலியும் வேறு வேறு என்று நமக்குத் தெரியும், ஆனால் தேடுகிறவர் ரங்கோலி என்றுதான் தேடுவார், அதையும் சேருங்கள். அடோபி ஸ்டாக்கில் 49 கீவேர்டு வரை போடலாம், முதல் பத்துக்குத்தான் எடை அதிகம், அதனால் முக்கியமானதை முன்னால் வையுங்கள். பொங்கல் படமென்றால் அக்டோபரிலேயே ஏற்றிவிடுங்கள். ஜனவரியில் ஏற்றினால் வாங்குகிறவர் அதற்குள் வாங்கி முடித்திருப்பார். தமிழ் எழுத்து வைத்தால் அதன் அர்த்தத்தை ஆங்கிலத் தலைப்பில் எழுதுங்கள், ரிவ்யூ செய்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.

சிவகாசிப் பையன்:

அக்கா, சாமி படத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அச்சுத் தொழில், அதனால் இது கொஞ்சம் தெரியும். சாமி எல்லோருக்கும் பொதுதான், ஆனால் காலண்டரில் இருப்பது ஒரு ஓவியர் வரைந்த படம். அந்த முகம், அந்த நிற்கும் விதம், மயிலின் கழுத்து வளைவு எல்லாம் அவருடைய வேலை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு உரிமை நீடிக்கும். காலண்டர் சாமி படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டைய ராஜு 1976-ல் காலமானார், அப்படியானால் அவர் படங்களுக்கு 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது. ரவிவர்மா 1906-லேயே காலமாகிவிட்டதால் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அதை அப்படியே டிரேஸ் செய்து என் படைப்பு என்று கொடுப்பது சரியில்லை.

லட்சுமியின் லட்சணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாமரை, மேல் கைகளில் பூ, கீழே ஒரு கை அபயம், ஒரு கையிலிருந்து காசு. முகத்தையும் உடலையும் நீங்களே கோல பாணியில், கோட்டாலேயே வரையுங்கள். கடைப் படத்தைவிட உங்கள் கோலத்துக்கு அதுதான் பொருந்தும். பென்சிலில் போட்ட முதல் ஸ்கெட்ச்சைப் பத்திரமாக வையுங்கள், யாராவது கேட்டால் காட்டலாம்.

மார்கழி வாசல்:

எல்லோருக்கும் நன்றி, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மூன்று வாரமாக இதே வேலைதான். ஊடுபுள்ளி அண்ணா சொன்ன மாதிரி எலும்புக்கூட்டைப் பார்த்தேன், 17-ல் 15 கோலத்தில் சேருமிடம் இணையவே இல்லை. ஒரு புள்ளியில் மட்டும் 41 ஆங்கர் பாயின்ட் எண்ணினேன். டிரேஸை விட்டுவிட்டு, புள்ளியை வட்டக் கருவியிலும் கோட்டைப் பென் கருவியிலும் முதலிலிருந்து போட்டேன். ஒரு கோலத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, ஆனால் ஃபைல் கால்வாசி அளவுக்குக் குறைந்துவிட்டது. திருத்தி அனுப்பியதில் 14 தேறிவிட்டது.

தாழம்பூ அக்கா, 11 என்றது உண்மையில் மூன்றே கோலம்தான், மற்றதெல்லாம் நிறம் மாற்றினது. அதில் ஒன்றைப் பேட்டர்ன் ஆக்கினேன், நேற்று முதல் டவுன்லோடு விழுந்தது.

லட்சுமியை இன்னும் வரையவில்லை. தம்பி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார், வெள்ளிக்கிழமை போடுகிற இருதயக் கமலம் அங்கே இருக்கிறது. அதை நடுவில் வைத்துத் தொடங்கப் போகிறேன்.