மேல ஒரு மாடி, பக்கத்துல ஒரு ரூம்: கட்டினவங்க, கட்டப் போய் நின்னவங்க சொல்லுங்க

மொட்டைமாடி77:
பில்லர் கம்பியை மேல நீட்டி விட்டு வச்சிருப்பாங்களே, "பின்னாடி மாடி எடுக்கறப்ப ஆகும்"னு. எங்க வீட்டுல ஆறு பில்லர். 1998-ல கட்டினது. போகிக்கு முந்தின வாரம் அப்பா அந்தக் கம்பிக்கெல்லாம் சிமெண்ட் பால் அடிப்பார், நுனியில காலி தண்ணி பாட்டிலைக் கவுத்து வைப்பார். தம்பிக்குன்னு எடுத்து வச்ச பங்கு அது. வேற சொத்து கிடையாது.

2022-ல தம்பிக்குப் பொண்ணு நிச்சயமாச்சு, இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தோம். சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினார். வெங்காயச் சருகு மாதிரி துரு உரிஞ்சு விழுந்துச்சு. கம்பி காங்கிரீட்டுக்குள்ள இறங்குற இடத்தைக் கொத்திப் பார்த்தா, மேல கட்டை விரல் மொத்தம், அங்க சுண்டு விரல்ல பாதி. சிமெண்ட் பால் என்னதான் பூசினாலும் தண்ணி நிக்கறது அந்தக் கழுத்துலதானே.

அப்பா கீழ கிடந்த துருவைக் குனிஞ்சு பொறுக்கி உள்ளங்கையில வச்சுப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. கீழ இறங்கிப் போய் டிவி போட்டார். நியூஸ் சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு.

தம்பி இப்ப ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கான்.

கரிசல்மண்:
ரெண்டு தட்டு தட்டிட்டு முடியாதுன்னு சொல்றவர் என்ன இன்ஜினியர்? துருப்பிடிச்ச கம்பியை அறுத்துட்டு, நல்ல காங்கிரீட் வர்ற வரைக்கும் உடைச்சு, அதுல ஓட்டை போட்டு கெமிக்கல் ஊத்தி புதுக் கம்பி நடலாம். ஊருக்கு ஊர் நடக்குது. ஆனா ஓட்டையில இருக்கற தூசியை பிரஷ் விட்டு, காத்தடிச்சு எடுக்கணும். நம்ம ஆளுங்க வாயால ஒரு ஊது ஊதிட்டு கெமிக்கலைப் பிதுக்குவாங்க. கம்பி கையோட வந்துரும். அதுக்கும் முன்னாடி கீழ இருக்கற பில்லர், அஸ்திவாரம் தாங்குமான்னு பாருங்க. பழைய பிளான் இல்லேன்னா ஒரு பில்லர் பக்கமாவது தோண்டி ஃபுட்டிங் எவ்வளவு அகலம்னு அளந்துக்கணும். காங்கிரீட்டைத் துளைச்சு உருளையா ஒரு துண்டு (கோர்) எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். டாக்கா பக்கத்துல ராணா பிளாசா ஞாபகம் இருக்கா? 2013 ஏப்ரல். அனுமதி இல்லாம மேல மாடி ஏத்தி, அங்கயே ஜெனரேட்டரையும் வச்சாங்க. முந்தின நாளே விரிசல் விட்டும் ஜனங்களை வேலைக்குக் கூப்பிட்டாங்க. 1,100 பேருக்கு மேல செத்தாங்க.

என் கதை சின்னதுதான். கோவைப் பக்கம், கரிசல். பழைய வீட்டை ஒட்டி ஒரு ரூம். பழைய சுவத்துல பல் வெட்டி புதுச் செங்கலைக் கோத்துக் கட்டச் சொன்னேன், உறுதியா இருக்கும்னு. பழைய வீடு இறங்க வேண்டியது எப்பவோ இறங்கி முடிஞ்சாச்சு, புதுசு இனிமேத்தான் இறங்கும். ரெண்டையும் கோக்காம நடுவுல இடைவெளி விட்டிருக்கணும். மூணாவது மாசம் என் பொண்ணு பத்து ரூபா நோட்டை விரிசல்ல இந்தப் பக்கம் சொருகி அந்தப் பக்கம் எடுத்தா. வேடிக்கை காட்டறாளாம்.

மொட்டைமாடி77:
அண்ணே, அவர் முடியாதுன்னு சொல்லவே இல்லை. நீங்க சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வேண்டாம்னது அப்பா.

பள்ளத்துவீடு:
எங்களுது மேல கட்டின கதை இல்லை, வீட்டையே தூக்கின கதை. மடிப்பாக்கம் பக்கம். ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம மேல மேல போட்டு, வாசல்ல ஏறி வந்த மூணு படி கடைசியில இறங்கிப் போற படியாயிடுச்சு. 2015 வெள்ளத்துல ஹால்ல இடுப்பளவு தண்ணி. அப்புறம்தான் ஜாக்கி.

ஹரியானாக்காரப் பசங்க. பேஸ்மட்டத்துக்குக் கீழ சுவரைத் துண்டு துண்டா உடைச்சு, இரும்புச் சேனல் கொடுத்து, அடியில ஜாக்கி வச்சுக்கிட்டே வந்தாங்க. மொத்தம் நூத்தம்பதுக்கு மேல. ஒருத்தன் விசில் ஊதுவான். எல்லாரும் ஒரே நேரத்துல அதே அளவு திருப்பணும். அடுத்த விசில் வரைக்கும் கை நகராது. அம்மா உள்ளதான் இருந்தாங்க, எவ்வளவு கெஞ்சியும் வெளியில வரலை. பூஜை ரூம் விளக்கு அசையலை. நாலு அடி ஏறி முடிச்சப்புறம் எங்க ஜன்னலும் எதிர் வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர் வந்துடுச்சு. 27 வருஷத்துல முதல் தடவையா அந்த மாமி சமையல்கட்டுல நிக்கறதை நான் பார்த்தேன்.

இதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாச்சு. உறுத்தறது வேற. சுத்தி இருந்த தோட்டத்துக்கும் நாலு அடி மண் அடிச்சோம். மாமரத்தோட அடிமரம் மண்ணுக்குள்ள போச்சு. அடுத்த சித்திரையில எப்பவும் போலக் காய்ச்சது, அதுக்கு அடுத்த சித்திரையில இலை கூட வரலை.

கரிசல்மண்:
மரத்தைச் சுத்தி கிணத்து உறை மாதிரி இறக்கி, பழைய மட்டம் தெரியற மாதிரி விட்டிருக்கணும். வேருக்குக் காத்து வேணும். வெறும் மண்ணா, கட்டட இடிசலா, எதைக் கொட்டினீங்க? இடிசல்னா அதுல சுண்ணாம்பு...

பள்ளத்துவீடு:
அது இப்ப எனக்கும் தெரியும் சார்.

இரண்டாங்கட்டு:
காரைக்குடிப் பக்கம், எங்க ஐயா காலத்து வீடு. குரங்குத் தொல்லை தாங்கலைன்னு வளவுக்கு, அதான் நடுவுல வானம் பார்த்த முத்தத்துக்கு, மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டுட்டோம். கம்பி வலையே போதும்னு கொத்தனார் சொன்னார், நான்தான் கேக்கலை. மழைச் சாரலும் அடிக்காது, வெளிச்சமும் வரும், ஒரே செலவுன்னு கணக்குப் போட்டேன். மேல போக வழியில்லாம சூடு உள்ளயே நிக்குது. சாயங்காலம் திண்ணையில உக்காந்தா முகப்புல இருந்து ஒரு காத்து உள்ள இழுக்குமே, அது போச்சு. இப்ப ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது.

முதல் மழை ராத்திரியில வந்துச்சு. ஷீட்டுல தடதடன்னு சத்தம். அப்பத்தா எந்திரிச்சு வந்து, இருட்டுலயே அண்டாவை உருட்டிட்டுப் போய் வளவு மூலையில, தகரத் தூம்பு தண்ணி விழுற இடத்துல வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாக. நான் முழிச்சுத்தான் கிடந்தேன், சொல்லலை. விடிஞ்சு வந்து அண்டாவுக்குள்ள கையை விட்டுப் பார்த்தாக.

பள்ளத்துவீடு:
ஷீட்டை எடுத்துட்டீங்களா?

இரண்டாங்கட்டு:
பங்காளிக ஏழு பேரு. ஆறு பேரு சரின்னாச்சு.