கனடா தேர்தலும் யூத விழா நாளும்: முன்கூட்டிய வாக்களிப்பு போதாதா?

கேள்வி: 2019 அக்டோபர் 21 கூட்டாட்சித் தேர்தல் ஷெமினி அட்செரெத் என்ற யூத விழா நாளன்று வந்தது. முன்கூட்டி வாக்களிக்க நான்கு நாள் (அக்டோபர் 11–14) இருந்தும் சமயம் பேணும் யூதர்கள் தேதியை மாற்றக் கேட்டது ஏன்?

பதில் 1: நான்கு நாள் என்பது பேருக்குத்தான். 11 வெள்ளி, சூரியன் மறையும்வரை. அப்போதே சபாத் (யூதரின் வார ஓய்வு நாள்) தொடங்கிவிடும்; 12 முழுக்க சபாத். 13 மாலையே சுக்கோத் என்ற யூத விழா தொடக்கம், 14 விழா. மிஞ்சியது இரண்டு பகல். யூத சமய விதிப்படி சபாத்திலும் விழாவன்றும் எழுதக்கூடாது, வாக்குச்சீட்டில் குறியிடுவதும் எழுத்துதான். சமயம் பேணும் வேட்பாளர் பிரசாரமும் செய்ய முடியாது. இதுதான் பெரிய அநியாயம்.

பதில் 2: சட்டம் தரும் மாற்று நாள் இரண்டே: மறுநாள் செவ்வாய், அடுத்த திங்கள். செவ்வாய் சிம்கத் தோரா, அதுவும் யூத விழா. ஆக அக்டோபர் 28தான் வழி. தேதியை மாற்ற ஆகஸ்ட் 1 கெடு. நீதிமன்றம் மறுபரிசீலிக்கச் சொல்லியும் தலைமைத் தேர்தல் அதிகாரி மறுத்துவிட்டார். ஒன்டாரியோ மாகாணம் இதே விழாவுக்காக 2007இல் தன் தேர்தலை அக்டோபர் 4இலிருந்து 10க்கு மாற்றியதே!

பதில் 3: விண்ணப்பித்து வாங்கி, அஞ்சலில் அனுப்பக்கூடிய சிறப்பு வாக்குச்சீட்டு இருக்கிறது. ஆனால் 2019இல் விண்ணப்பக் கெடு அக்டோபர் 15 மாலை 6 மணி; அதுவும் சுக்கோத். அதனால் விழாவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வேட்பாளர் பெயரைக் கையால் எழுதணும், கட்சிப் பெயர் மட்டும் எழுதினால் செல்லாது. வெளி உறையில் கையொப்பம், தேதி கட்டாயம்.