கற்சிலைமடுக் கல்லில் இருந்தது சாவா, தோல்வியா?

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிப் பேச்சுப்போட்டி. ‘1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வீரச்சாவடைந்தான்’ என்று எழுதிக் கொடுத்தேன். என் மாமா வாசித்துவிட்டு, “பிள்ளை, அங்கே இருந்த நினைவுக்கல்லை நீ ஒழுங்காய் வாசிக்கவில்லை” என்கிறார். எது சரி?

பதில் 1: மாமா சொன்னதுதான் சரி, தங்கச்சி. நான் பக்கத்து ஒட்டுசுட்டான் ஆள். சின்ன வயதில் அந்தக் கல்லடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஆங்கில எழுத்துகளை விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். ஆங்கிலேயப் படையின் கப்டன் டிரிபேர்க் இந்த இடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் இருந்தது. கொன்றார் என்று இல்லை. வெள்ளைக்காரன் நட்ட கல் அது. கொன்றிருந்தால் அதைப் பெரிதாய் வெட்டியிருக்க மாட்டானா?

அப்புறம், மகளின் பேச்சை ஒக்டோபரில் தொடங்காதீர்கள், ஓகஸ்டில் தொடங்குங்கள். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்து, ஆங்கிலேயரைத் துரத்தி, பீரங்கியையும் பிடித்துக்கொண்டு போனான். வெள்ளைக்காரன் அவனுக்குப் பயந்தது அதற்குப் பிறகுதான். கண்டிப் படையும் கூட நின்றது. அதை நம்மாட்கள் மேடையில் சொல்வதேயில்லை, எனக்கு அதில் கொஞ்சம் கோபம்.

பதில் 2: வவுனியாவில் இருக்கும் பண்டாரவன்னியன் சிலையடியில் ஒரு படம் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள் அக்கா, பேச்சுக்கு உதவும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணை. ‘வீரச்சாவை’ வெட்டிவிட்டேன். மகள்தான் அழுகிறாள், அந்த வரிக்கு மட்டும் கையை உயர்த்திப் பழகியிருந்தாளாம்.